மூன்றாவது தாத்தா

வாசாவ், விஸ்கான்சின்
செப்டம்பர் 14

ஷுவா,

சாப்பிட்டாயா? நாங்கள் சாப்பிட்டோம். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவின் தோட்டத்தில் கடுகுக்கீரை வந்துவிட்டதா?

இது என் முதல் கடிதம். உனக்கு எழுதும் முதல் கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே. வாழ்க்கையிலேயே முதல்.

நான் உன் தாத்தாவின் தம்பி, ஞியா பாவ். உனக்குத் தெரியும். ஆனாலும் பெயரை எழுத ஆசையாக இருக்கிறது. ஞியா பாவ் தாவ். பார், எவ்வளவு அழகாக நிற்கிறது. இத்தனை வருடமாக யார் யாரோ என் பெயரை எழுதினார்கள். முகாமில் ஒருவன், விமான நிலையத்தில் ஒருத்தி, ஆஸ்பத்திரியில் ஒருவன். இப்போது நானே எழுதுகிறேன்.

இந்த ஊர்க் கல்லூரியில் கிழவர்களுக்கு நம் மோங் மொழி எழுத்து சொல்லித் தருகிறார்கள். ஆசிரியை பாங் சின்னப் பெண். "தாத்தா, போன்ல பேசறதெல்லாம் கணக்குல வராது. தூரத்துல இருக்கற சொந்தக்காரங்களுக்குக் கடுதாசி எழுதணும், பதில் வாங்கணும். அதுதான் வீட்டுப்பாடம்" என்றாள். உன்னைத் தேர்ந்தெடுத்தேன். குடும்பத்தில் நம் மொழியைப் பள்ளியில் படித்த பிள்ளை நீ ஒருத்திதான். அதோடு நீயும் போன மாதம்தான் கல்லூரியில் சேர்ந்தாய் என்று உன் அப்பன் சொன்னான். நம் வம்சத்தில் முதல் மாணவி நீ. இரண்டாவது நான். கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துவிட்டேன்.

எனக்குப் படம் போட்ட அட்டை கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் அதைக் காட்டி "ஸ்டூடண்ட்" என்றேன். டிரைவர் என்னைக் கால் முதல் தலை வரை பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே போனோம்.

கை வலிக்கிறது. பதில் போடு. போடாவிட்டால் எனக்கு மார்க் கிடையாது.

நலமாக இரு.
உன் தாத்தா, ஞியா பாவ் தாவ்


ஃப்ரெஸ்னோ, கலிஃபோர்னியா
அக்டோபர் 6

அன்புள்ள தாத்தாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம், நலம். நீங்கள் சாப்பிட்டீர்களா? அப்பாவின் முழங்கால் மழை வந்தால்தான் வலிக்கும். இங்கே மழையே இல்லை. கீரை வந்துவிட்டது. அம்மா சந்தைக்கு எடுத்துப் போகிறாள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்து அப்பா அழுதுவிட்டார். பிறகு "சித்தப்பா எழுத்து கோழி நடந்த மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சமாளித்தார்.

கல்லூரி பெரியது. முதல் வாரம் வழி தெரியாமல் சுற்றினேன். யாரையும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்ததைப் போய் எப்படிக் கேட்பது? செவிலியர் படிப்பில் சேர வேண்டுமானால் முதலில் உடற்கூறு வகுப்பில் தேற வேண்டும். வில்கின்ஸ் என்பவர் நடத்துகிறார். காலையில் தம்பிகளைப் பள்ளியில் விட்ட பிறகு எனக்குக் கிடைக்கும் நேரத்துக்கு அவர் வகுப்பு ஒன்றுதான் இருக்கிறது. அவர் என் பெயரை "ஸோவா" என்கிறார். நான் திருத்தவில்லை. இப்போதெல்லாம் ஸோவா என்று யார் கூப்பிட்டாலும் கழுத்து தானாகத் திரும்புகிறது.

சோங் தெங் தாத்தா இறந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளி முதல் திங்கள் வரை நானும் அக்காமாரும் சமையல் பக்கம் இருந்தோம். வெங்காயத்தாள் நறுக்கியதில் விரல் இன்னும் பச்சையாக இருக்கிறது. திங்களன்று அடக்கம். அன்றைக்குத்தான் உடற்கூறு பரீட்சை. மறுநாள் போய்ச் சொன்னேன். "யார் இறந்தது?" என்று வில்கின்ஸ் கேட்டார். "தாத்தா" என்றேன். "அடடா, ரொம்ப வருத்தம்மா. அடுத்த வாரம் எழுதிக்கோ" என்றார். நல்ல மனிதர்.

மதியம் என் காரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உணவுக்கூடத்தில் கூட்டம். கார் நிற்கும் இடத்தில் நல்ல மர நிழல்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
வணக்கத்துடன், ஷுவா


வாசாவ்
அக்டோபர் 29

ஷுவா,

சாப்பிட்டாயா? நான் சாப்பிட்டேன், ஆனால் உப்பில்லாமல். உன் சித்தப்பா லெங் வீட்டில் உப்பை ஒளித்து வைத்திருக்கிறான். ஏன் என்று கேட்காதே.

உன் கடிதத்தை ஆசிரியை பாங் வகுப்பில் சத்தமாகப் படித்தாள். எல்லாக் கிழவர்களும் கேட்டார்கள். "என் பேத்தி நர்ஸாகப் போறா" என்றேன். பக்கத்து பெஞ்ச் ஸியோங் கிழவர், "ஆகட்டும், ஆகட்டும், எனக்கு ஊசி போட நம்ம மொழி தெரிஞ்ச ஒரு கை வேணும்" என்றார். "உங்களுக்கு வேற ஆளப் பாருங்க, இவ எங்க குலத்துக்கே பத்தமாட்டா" என்றேன். நீ இங்கே பெரிய ஆள் ஆகிவிட்டாய். கடைக்குப் போனால்கூட உன்னைத்தான் விசாரிக்கிறார்கள்.

சோங் தெங் போனது வருத்தம். எனக்கு அண்ணன் முறை. நம் மலையில் அவனைப் போலப் பொய் சொல்பவன் கிடையாது. அவன் பிடித்த மீனெல்லாம் அவன் சொல்லச் சொல்ல வளரும். உன் சொந்தத் தாத்தாவை நீ பார்த்ததில்லை. நாங்கள் நாட்டை விட்டுத் தப்பி வந்தபோது அவர் மேகாங் ஆற்றுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டார். அதனால்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த கிழவர்கள் அத்தனை பேரும் உனக்குத் தாத்தா. நீ அடக்கம் முடியும்வரை நின்றது சரி.

போன வாரம் தவறான வகுப்பறைக்குள் போய்விட்டேன். உள்ளே வெல்டிங் கற்றுக்கொள்ளும் பையன்கள். ஒருவன் என் தலையில் இரும்புத் தொப்பியை மாட்டிவிட்டான். நான் வெளியே வரவில்லை. மணி அடிக்கும்வரை உட்கார்ந்து நெருப்பு பறப்பதைப் பார்த்தேன். என் அட்டையில் எந்த வகுப்பு என்று எழுதவில்லையே. நான் மாணவன். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

எழுதுவதற்கு எனக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி, லெங் என்னைக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் விடுகிறான். அரை நாள் உட்கார வேண்டும். சாய்ந்துகொள்ளலாம், போர்வை தருவார்கள். இடது கை சும்மா இருக்கும். வலது கையால் எழுதுவேன். எழுந்து போகத்தான் முடியாது. அதுவும் நல்லதுதான், இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய கடிதம் எழுதியிருப்பேனா?

காரில் ஏன் சாப்பிடுகிறாய்? கூட்டம் என்றால் நல்லதுதானே?

உன் தாத்தா, ஞியா பாவ் தாவ்


ஃப்ரெஸ்னோ
நவம்பர் 21

அன்புள்ள தாத்தாவுக்கு,

நலம். எல்லோரும் சாப்பிட்டோம். உங்கள் உடம்பு நலமா?

நாவ் லூ தாத்தாவும் போய்விட்டார். திங்களன்று அடக்கம் முடிந்தது. நாங்கள் எல்லோரும் போயிருந்தோம்.

வகுப்பு நன்றாகப் போகிறது. வேறு விசேஷம் இல்லை.

வணக்கத்துடன், ஷுவா


வாசாவ்
டிசம்பர் 17

ஷுவா,

சாப்பிட்டாயா?

உன் கடிதம் சின்னதாக இருந்தது. எனக்கு வசதிதான், ஒரே மூச்சில் படித்துவிட்டேன். ஆனால் மறுபடி மறுபடி படிக்க ஒன்றும் மிச்சமில்லை.

நாவ் லூ போன செய்தி கேட்டு இங்கே சாராயம் ஊற்றிக் கும்பிட்டோம். அவன் கெங் குழல் ஊதினால் மாடுகூட நிற்கும். அவன் சாவுக்கு வேறு யாரோ ஊதியிருப்பார்கள். பாவம், நன்றாக ஊதியிருக்க மாட்டார்கள்.

எங்கள் மோங் புத்தாண்டு விழாவில் குலத்தலைவர் வாங் சூ மைக் வாங்கி, "நம்ம தாவ் குலத்துப் பொண்ணு ஒண்ணு கலிஃபோர்னியாவுல நர்ஸாகப் படிக்குது" என்று அறிவித்தார். நான்தான் சொல்லச் சொன்னேன். கை தட்டினார்கள். முன் வரிசையில் இருந்து எழுந்து நின்று நானே கும்பிட்டேன், உன் சார்பாக. இனி நீ படித்து முடித்தே ஆக வேண்டும். ஆயிரம் பேருக்குத் தெரிந்துவிட்டது!

ஒரு சந்தேகம். என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஆள் கேட்கிறார். சிறுநீரகம் உள்ளே என்னதான் செய்கிறது? டாக்டர் சொல்வது அவருக்குப் புரிவதில்லையாம். நீ படித்திருப்பாய். அவருக்காக எழுது. அவசரமில்லை.

உன் தாத்தா, ஞியா பாவ் தாவ்


வாசாவ்
ஜனவரி 24

ஷுவா,

சாப்பிட்டாயா? பதில் வரவில்லை. தபால்காரரைச் சந்தேகப்பட்டேன். அவர் பையைத் திறந்தே காட்டினார். பாவம்.

இங்கே கதவுக்கு வெளியே பனி இடுப்பளவு. லெங் என் செருப்பையும் ஒளித்துவிட்டான், உப்போடு சேர்த்து. வீடு, நாற்காலி, வீடு, நாற்காலி. வகுப்புக்கு மட்டும் போகவிடுகிறான். அட்டையை ஆட்டிக் காட்டினால் அவனால் மறுக்க முடிவதில்லை. "அப்பா, உங்களோட பெரிய தொல்லை" என்கிறான். "நான் மாணவன்டா" என்கிறேன்.

எல்லாம் மூடிக் கிடக்கும்போது காகிதத்தில் மட்டும் இடம் இருக்கிறது. நீயும் எழுது. நல்ல செய்தியாக இருக்க வேண்டும் என்று இல்லை. நல்ல செய்தி மட்டும் எழுதினால் பக்கம் நிரம்பாது என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

உன் தாத்தா, ஞியா பாவ் தாவ்


ஃப்ரெஸ்னோ
பிப்ரவரி 12

அன்புள்ள தாத்தாவுக்கு,

மன்னித்துவிடுங்கள். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. சாப்பிட்டேன். உடம்பு நலம்தான்.

உடற்கூறில் தோற்றுவிட்டேன்.

நாவ் லூ தாத்தாவின் அடக்கமும் திங்கட்கிழமை, பரீட்சையும் திங்கட்கிழமை. மறுநாள் வகுப்பில் வில்கின்ஸிடம் போய் நின்றேன். "தாத்தா இறந்துட்டார், அதனால வர முடியல" என்றேன்.

"உன் தாத்தா போன மாசமே செத்துட்டாரே?"

"இது வேற தாத்தா."

"சரி, ஆளுக்கு ரெண்டு தாத்தா உண்டு. இவர் யாரு, அப்பாவோட அப்பாவா, அம்மாவோட அப்பாவா?"

நான் உண்மையைச் சொன்னேன். "ரெண்டும் இல்ல."

வகுப்பே சிரித்தது, தாத்தா. அவரும் சிரித்தார். "அப்ப அவர் உனக்குத் தாத்தாவே இல்லையேம்மா" என்றார்.

வீட்டில் பெரியவர்கள் பேசும்போது நிற்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "நிமிர்ந்து பாரு. பொய் சொல்றவங்கதான் தரையைப் பார்ப்பாங்க" என்றார். பூஜ்யம் போட்டார்.

அதற்குப் பிறகு நான் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் சொல்லவில்லை. தினமும் கிளம்பிப் போய், கார் நிறுத்தும் இடத்திலேயே கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் வெளியே வரும்போது நானும் வண்டியை எடுப்பேன். நீங்கள் விழாவில் என் சார்பாகக் கும்பிட்ட அன்று நான் அந்தக் காருக்குள்தான் இருந்தேன். அந்தக் கடிதத்தைப் படித்தபோது கார் இன்னும் சின்னதாகிவிட்டது போல இருந்தது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பக்கத்தில் எப்போதும் ஒரு பழைய வேன் நிற்கும். அதிலும் ஒருத்தி தனியாகச் சாப்பிடுவாள். ஒரு நாள் நான் டப்பாவைத் திறக்கும்போது அவள் பார்த்துவிட்டாள். நம் வழக்கம்தான், வாய் தானாக "வா, சாப்பிடலாம்" என்றது. கூப்பிடுவது மரியாதை, வேண்டாம் என்பதும் மரியாதை. அவளுக்கு இரண்டாவது பாதி தெரியாது. இறங்கி வந்து என் கார் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன இருக்கு?"

"ஒட்டுச்சோறு, வேகவெச்ச கோழி."

"காரம்?"

"மிளகாய்த் துவையல் இருக்கு."

"அப்ப சரி." பாதி டப்பா போய்விட்டது.

பெயர் இட்ஸெல். மெக்ஸிகோக்காரர்கள். அப்பா அம்மா திராட்சைத் தோட்டத்தில் வேலை. அவள் வீட்டிலும் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். "நீ ஏன்டி கார்ல சாப்பிடறே?" என்றேன். "நீ ஏன்?" என்றாள். இரண்டு பேரும் மிச்சக் கோழியைத் தின்றோம். பிறகு அவள் சொன்னாள்: "அன்னிக்கு நான் கடைசி பெஞ்ச்ல இருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்களேன்னு நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். எனக்கு மாமா முப்பது பேரு. அதுல எங்கம்மாகூடப் பொறந்தவங்க ரெண்டே பேரு. மிச்ச பேரெல்லாம் மாமா இல்லையா?"

இந்தப் பருவத்தில் அதே வகுப்பில், அதே வில்கின்ஸிடம் மறுபடி சேர்ந்திருக்கிறேன். அவள்தான் இழுத்துப் போனாள். அவளுக்கும் போன முறை போய்விட்டது. இன்னொரு தரம் தோற்றால் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா, "முடியலன்னா விட்டுடு, அத்தை கடையில நில்லு, யாரு கேக்கப் போறா" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. எல்லாப் பரீட்சையும் திங்கட்கிழமைதான்.

உங்கள் கேள்விக்குப் பதில். சிறுநீரகம் இரத்தத்தில் இருக்கும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் முதலில் வெளியே விட்டுவிடும். பிறகு நின்று, தேவையானதை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் வெளியே போவது. நான் எழுதாமல் விட்ட பரீட்சை இந்தப் பாடம்தான். உங்கள் பக்கத்து நாற்காலிக்காரருக்காக இப்போது உட்கார்ந்து படித்தேன். உப்பு கூடாது, இடது கையை அசைக்கக் கூடாது, வாரத்தில் மூன்று அரை நாள். படித்து முடித்ததும், அது இரத்தம் சுத்திகரிக்கும் நாற்காலி, கேட்டது பக்கத்து நாற்காலி இல்லை என்று புரிந்துவிட்டது.

எத்தனை நாளாக, தாத்தா?

வணக்கத்துடன், ஷுவா


வாசாவ்
மார்ச் 4

ஷுவா,

சாப்பிட்டாயா? இட்ஸெல் உனக்கு ஏதாவது மிச்சம் வைத்தாளா? அவளை எனக்குப் பிடித்துவிட்டது. இத்தனை காலமாக எல்லோரையும் "வா, சாப்பிடு" என்கிறோம். ஒருவராவது வந்து உட்கார்ந்திருக்கிறார்களா?

நாற்காலி இரண்டு வருடமாக. உன் அப்பனிடம் சொல்ல வேண்டாம் என்று லெங்கிடம் சொல்லியிருந்தேன். முழங்கால்காரன் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுவான். நீ கண்டுபிடித்துவிட்டாய். எனக்கு வருத்தமே இல்லை. நாற்காலிப் பக்கம் இருந்த நர்ஸிடம் உன் விளக்கத்தைக் கைஜாடையால் சொன்னேன். முதலில் எல்லாவற்றையும் வெளியே தள்ளி, அப்புறம் வேண்டியதை வாசலில் நின்று கூப்பிட்டுக்கொள்வது. அவள் "யெஸ், யெஸ்" என்றாள். உன் வாத்தியார் இதைத்தானே வருடா வருடம் சொல்லித் தருகிறார்? பிறகு ஏன் அவருக்குத் தெரியவில்லை?

உன் கடிதத்தை வகுப்பில் படிக்கக் கொடுக்கவில்லை. முதன்முதலாக ஒரு கடிதத்தை நான் மட்டும் படித்தேன். படிக்கத் தெரிந்ததில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது.

அவருக்கு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். எனக்கு மோங் எழுத்து மட்டும்தான் வரும். கீழே அவர் மொழியில் நீ எழுதிக் கொடு. ஒரு வார்த்தையையும் மாற்றாதே.

"வில்கின்ஸ் ஆசிரியருக்கு. சாப்பிட்டீர்களா? நான் ஷுவாவின் தாத்தா. அவள் அப்பாவின் அப்பா இல்லை. அம்மாவின் அப்பாவும் இல்லை. ஆனாலும் தாத்தா. எங்கள் குலத்தில் பிறந்த கிழவர் எல்லோரும் பிள்ளைகளுக்குத் தாத்தாதான். நாங்கள் சாகும்போது பிள்ளைகள் வந்து வேலை செய்ய வேண்டும். அடக்கம் திங்கட்கிழமை. இது உங்களுக்குத் தொந்தரவு. எங்களுக்கும் தொந்தரவுதான், நாங்கள் நிறைய பேர், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை. அவள் தரையைப் பார்த்தது உங்களுக்குக் கொடுத்த மரியாதை. உங்கள் கணக்கில் நான் மூன்றாவது. இன்னும் சாகவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஞியா பாவ் தாவ், மாணவன்."

நன்றாக இருக்கிறதா? மூன்று முறை அழித்து எழுதினேன்.

உன் தாத்தா


ஃப்ரெஸ்னோ
ஏப்ரல் 19

அன்புள்ள தாத்தாவுக்கு,

நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதாமல் விடாதீர்கள்.

உங்கள் காகிதத்தைப் பல வாரம் பையிலேயே வைத்திருந்தேன். அவர் அறை வாசல் வரை போவேன், திரும்பிவிடுவேன். இட்ஸெல்லுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னும் சாகலையாம்!" என்று சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க தாத்தாவை நான் எடுத்துக்கவா? முப்பது மாமாவையும் தர்றேன்" என்றாள்.

அப்புறம் போன வாரம் அம்மா வழியில் வா மெங் தாத்தா இறந்துவிட்டார். திங்களன்று அடக்கம். திங்களன்று பரீட்சை.

"நீ கீரை கழுவற பக்கம்" என்றார் அப்பா.

"அன்னிக்குப் பரீட்சைப்பா."

"பரீட்சை மறுபடி வரும். செத்தவரு மறுபடி சாவாரா?"

வெள்ளி இரவு முதல் சமையல் பக்கமே இருந்தேன். கீரை கழுவினேன், பன்றிக்கறி வெட்டினேன், மற்றப் பெண்களோடு உட்கார்ந்து சாவுக்கு எரிக்கும் தங்கத்தாளைப் படகுபோல மடித்தேன். மடிக்க மடிக்க மனதுக்குள் நரம்புகளின் பெயரைச் சொல்லிக்கொண்டேன். திங்கள் காலை, முரசு அடிக்க ஆரம்பித்ததும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அத்தை, "எங்க கிளம்பிட்டாங்க மகாராணி?" என்றாள். நான் சொன்னேன். "பாருங்கடி, அமெரிக்காக்காரி ஆயிட்டா" என்றாள். அம்மா கீரைத் தொட்டியை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வகுப்பில் நுழைந்ததும், கீழே அவர் மொழியில் எழுதி வைத்திருந்த உங்கள் காகிதத்தை வில்கின்ஸிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"இவர் உயிரோட இருக்காரா?"

"இருக்கார்."

"இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

"எண்ணினதில்ல, சார்."

அவர் சிரிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பரீட்சை திங்கட்கிழமைதான். அதை என்னால மாத்த முடியாது" என்றார். தெரியும் என்றேன். "உன் பேரை எப்படிச் சொல்லணும்?" என்றார். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இந்த முறையும் தப்பு, ஆனால் வேறு தப்பு.

பரீட்சையில் தேறிவிட்டேன். ஆனால் அன்று முழுக்க வகுப்பில் என்னிடம் பன்றிக்கறி வாசனை. பக்கத்தில் இருந்தவன் ஜன்னலைத் திறந்தான். வீட்டுக்கு வந்தால் பரீட்சை வாசனை. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போகிறாள்.

கடைசிப் பரீட்சை மே இருபதாம் தேதி, திங்கட்கிழமை. அதை விட்டால் எல்லாம் போயிற்று. எனக்குப் பயமாக இருக்கிறது, தாத்தா. யாராவது இறந்துவிடுவார்களோ என்பது மட்டும் இல்லை. வா மெங் தாத்தா போன செய்தி வந்ததும் என் மனது முதலில் கேட்டது, என்ன கிழமை என்றுதான். இப்படிப்பட்டவள் அங்கேயும் சேர்த்தி இல்லை, இங்கேயும் சேர்த்தி இல்லை.

நாற்காலியில் என்ன சொல்கிறார்கள்?

வணக்கத்துடன், ஷுவா


வாசாவ்
மே 6

ஷுவா,

சாப்பிட்டாயா? எனக்கு இப்போது கொஞ்சம் போதும்.

எழுத்து கோணலாக இருந்தால் உன் கண்ணாடியைக் குறை சொல். நான் பஸ் ஏறுவதில்லை. ஆசிரியை பாங் தானே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறாள். வகுப்பே என்னைத் தேடி வருகிறது. இப்படி ஒரு மாணவனைப் பார்த்திருக்கிறாயா?

வா மெங் செய்தது சரியில்லை. மூன்றாவது நான். வரிசை மீறி முந்திக்கொண்டான்.

உன் கடிதத்தைப் படித்ததும் லெங்கையும் குலத்தலைவர் வாங் சூவையும் வரச் சொன்னேன். ஒரு காகிதம் எழுதப் போகிறேன், நீங்கள் சாட்சி என்றேன். என்ன காகிதம் என்று கேட்டார்கள். சொன்னதும் வாங் சூ எழுந்து நின்றுவிட்டார்.

"வாயைக் கழுவுங்க அண்ணே. உசுரோட இருக்கறப்பவே சாவைப் பத்திப் பேசினா ஆவிங்க காதுல விழும்."

"நான் பேசலியே, எழுதறேன். ஆவிங்களுக்கு எங்க படிக்கத் தெரியும்? போன வருஷம் வரைக்கும் எனக்கே தெரியாது."

அவர் சிரித்துவிட்டார். லெங் சிரிக்கவில்லை. வெளியே போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தான். வரும்போது உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். நான் தொடவில்லை. உன் பாடப் புத்தகத்துக்குப் பயந்துதான்.

வாயால் சொன்னால் நான் போன பிறகு, சித்தப்பா அப்படிச் சொல்லவில்லை, இப்படிச் சொன்னார் என்பார்கள். காகிதம் வாய் மாறாது. இதோ, வாங் சூ கைநாட்டு வைத்தது. அடுத்த வருடம் அவரையும் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

"ஞியா பாவ் தாவ் ஆகிய நான் என் குடும்பத்துக்கும் குலத்துக்கும் எழுதிக்கொள்வது. நான் இறந்து, என் அடக்கம் ஷுவாவின் பரீட்சை நாளில் வந்தால், அவள் வர வேண்டாம். அவளை வேனில் ஏற்றக் கூடாது. கீரை கழுவ ஆள் இல்லை என்று சொல்லக் கூடாது. அன்று அவள் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அவள் அங்கே உட்கார்ந்திருப்பதே என் சாவுக்கு வந்ததாகக் கணக்கு. அவள் அம்மா அவளோடு பேச வேண்டும்."

கடைசி வரியை வாங் சூ வேண்டாம் என்றார். என் காகிதம், என் பேனா, இருக்கட்டும் என்றேன்.

கோடை விடுமுறையில் சாகத்தான் பார்க்கிறேன். ஜூன் நல்ல மாதம், எல்லோருக்கும் வசதி. ஆனால் நாற்காலிக்காரர்கள் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. அதனால் இந்தக் காகிதத்தைக் காரிலேயே வைத்துக்கொள். அப்பன் கேட்டால் காட்டு. அத்தை கேட்டால் சத்தமாகப் படித்துக் காட்டு.

ஒரு செய்தி வந்ததும் முதலில் என்ன கிழமை என்று மனது கேட்டால் கேட்கட்டும். நானும் காலையில் கண் விழித்ததும் அதைத்தான் கேட்கிறேன். திங்களா, புதனா, வெள்ளியா? இல்லை என்றால், வீட்டில்தான் இருக்கிறேன் என்று நிம்மதி.

சமையல் பக்கம் உனக்குப் பதிலாக இட்ஸெல்லை அனுப்பிவிடாதே. யாராவது "வா, சாப்பிடு" என்பார்கள், உட்கார்ந்துவிடுவாள்.

இருபதாம் தேதி நன்றாகத் தூங்கி எழுந்து போ. நிமிர்ந்து உட்கார். குனிந்து எழுத வேண்டியது காகிதத்தில் மட்டும்தான்.

இன்று திங்கட்கிழமை. இன்றுவரை உயிரோடிருக்கும்,
உன் மூன்றாவது தாத்தா,
ஞியா பாவ் தாவ், மாணவன்